டிசம்பர் மாதத் தொழுவம்

எங்கள் கார் டிக்கியில் ஒரு முறம் இருக்கிறது. கூடவே ஒரு அரிக்கேன் விளக்கு, வாய் உடைந்த மண்பானை, ஒரு கட்டு வைக்கோல். எல்லாம் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியவை. பானையை முழுசாகத்தான் வாங்கினார் என் கணவர் சாலமன். குளியலறையில் உட்கார்ந்து துண்டைச் சுற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அதன் வாயை உடைத்தார். முதல் பானை இரண்டாகப் பிளந்துவிட்டது. இது இரண்டாவது.

அவர் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. பசுவை அவர் நெருங்கிப் பார்த்தது கேம்ப் ரோட்டில்தான், நடுத்தடுப்பின் மேல் நின்று அது சினிமா போஸ்டரைத் தின்றுகொண்டிருக்கும்போது. ஓய்வு பெற்ற மறு மாதம் ஒரு கேமரா வாங்கினார். அதற்கடுத்த மாதம் அவருக்குக் கிராமத்து ஏக்கம் வந்துவிட்டது.

தனியாக வரவில்லை. எங்கள் திருச்சபையில் ஓய்வு பெற்ற ஆண்கள் ஆறேழு பேருக்கு அது ஒரே சமயத்தில் வந்தது, சளி மாதிரி. 'மண்வாசனை' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு கார்களில் கிளம்புவார்கள். மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல், பொன்மார் என்று சுற்றி, இன்னும் இடியாமல் நிற்கும் மாட்டுத் தொழுவங்களைத் தேடிப் படம் எடுப்பார்கள். குழுவுக்குச் சட்டங்கள் உண்டு. படத்தில் கரண்டுக் கம்பி விழக் கூடாது. பிளாஸ்டிக் வாளி, டிஷ் ஆன்டெனா, மோட்டார் பைக் எதுவும் விழக் கூடாது. அங்கே வசிப்பவர்களும் கூடுமானவரை விழக் கூடாது. விழுந்தால் வயதானவர்களாக இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது.

எடுத்து முடித்ததும் ஏசி ஓட்டலில் பொங்கல், வடை. சாப்பிட்டுக்கொண்டே படத்தைக் குழுவில் போடுவார்கள். 'அந்தக் காலம் இனி வருமா?' என்று ஜெரோம் எழுதுவார். ஜெரோம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர், பெரம்பூர்க்காரர். அவர் சொல்லும் அந்தக் காலம் எந்தக் காலம் என்று யாரும் கேட்டதில்லை. கீழே வரிசையாக அழுகிற முகங்கள் வந்து விழும்.

எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதலில் டிக்கியைத் திறந்து முறத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். ஆகவே அகரம்தென் தொழுவத்திலும் அதே முறம், பொன்மார் தொழுவத்திலும் அதே முறம். சபை மண்டபத்தில் ஒருமுறை படங்களை வரிசையாக மாட்டியிருந்தபோது ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கவனிச்சீங்களா சார்? எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி முறம் பின்னியிருக்காங்க. அதான் நம்ம பண்பாடு" என்றார். சாலமன் உருக்கமாகத் தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேசவில்லை. நான் பேசாமலிருப்பது எல்லாருக்கும் பழகிவிட்ட ஒன்று. எனக்கும் அது வசதி.

அவர் கடைசியாகக் கண்டுபிடித்த தொழுவம் என் அப்பாவுடையது.

என் அப்பா சுவிசேஷமுத்து மாடம்பாக்கத்தில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவர். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு தொழுவம், ஓட்டுக் கூரை, மண் சுவர். அப்பா போன பிறகு என் தம்பி ஆபேல் ஒரே மாதத்தில் மாடுகளை விற்றான். அந்த இடத்தில் குடிதண்ணீர் கேன்களை அடுக்கி, சுற்றியுள்ள அடுக்ககங்களுக்குப் போட ஆரம்பித்தான். அந்தத் தொழுவம் அதன் ஆயுளிலேயே சுத்தமாக இருந்தது அதற்கப்புறம்தான்.

இத்தனை வருஷமாகச் சாலமன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாமனார் வீட்டுக்குப் போனால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அதைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போவார். இந்த அக்டோபரில்தான் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"உன் வீடு, நீ இல்லாம எப்படி?" என்று என்னையும் அழைத்துப் போனார். ஜெரோமும் வந்தார். ஆபேல் வாசலில் மூன்று சக்கர வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஆபேல், அந்தக் கேனையெல்லாம் கொஞ்சம் வெளிய எடுத்து வச்சுடேன்பா" என்றார் சாலமன்.

"இன்னா மாமா, அம்பது அறுபது கேன் கீது. இன்னிக்கு சனிக்கெயம. லோடு போவணும்."

"அரை மணி நேரம்தான். கேன் இருந்தா ஃபீல் வராது."

"உங்களுக்கு ஃபீலு வராது. தண்ணி போவலன்னா அவனுங்களுக்கு வரும் மாமா, என் ஃபோன்ல." ஆனாலும் எடுத்தான். அக்கா புருஷன் சொல்லும்போது என்ன செய்வான்.

கேன்கள் வெளியே வந்ததும் தொழுவம் வெறிச்சென்று போனது. இப்போது மாடு வேண்டும் என்றார் ஜெரோம். ஆபேல் அடுத்த தெரு லோகநாயகிக்குப் போன் போட்டான். லோகநாயகி மூன்று பசு வைத்திருக்கிறாள். சிமெண்ட் தரை, தகரக் கூரை, இரண்டு மின்விசிறி. ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பசு வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே பார்த்தது, வர மறுத்தது.

"இதுக்குள்ள எல்லாம் வராது சார். அதுக்கு வூட்ல ஃபேன் கீது" என்றாள் லோகநாயகி. பிறகு சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தாள். "முறம் இன்னாத்துக்கு? மாடு பொடைக்குமா?"

ஆபேல் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். ஜெரோம் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பின்னால் தள்ளியும் முன்னால் இழுத்தும் பசுவை உள்ளே கொண்டுவந்தார்கள்.

"ஹெப்சி, நீ மாட்டுப் பக்கத்துல நில்லு. முறத்தக் கைல வச்சுக்கோ. சும்மா இயல்பா, பழசெல்லாம் நினைச்சுப் பாரு" என்றார் சாலமன் என்னிடம்.

நின்றேன். மழை விட்டிருந்த நாள். சுவர் ஊறிப்போயிருந்தது. நான் முறத்தைக் கையில் வாங்கிய நேரம் பசு வாலைத் தூக்கி மூத்திரம் பெய்தது. பழைய மண்தரை, உறிஞ்சவும் செய்தது, தெறிக்கவும் செய்தது. இத்தனை வருஷம் கழித்து அந்த நெடி என் தொண்டைக்குள் இறங்கியது. எனக்குக் குமட்டியது. முகத்தை வெளிச்சம் வந்த பக்கம் திருப்பி, மூச்சை நிறுத்தி, கண்ணை லேசாக மூடிக்கொண்டேன்.

"அப்படியே! அப்படியே இரு!" என்று கத்தினார் சாலமன்.

அந்தப் படத்துக்கு அவர் 'ஏக்கம்' என்று பெயர் வைத்தார்.

வீடு திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். ஆபேல் அந்த இடத்தைக் கொடுக்கப் போகிறானாம். திருமுடிவாக்கம் பக்கம் பெரிய ஷெட் ஒன்று பார்த்திருக்கிறானாம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினே போடப் போகிறானாம். நாம் நம்முடைய ஃபிளாட்டை விற்றுவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். தொழுவத்தை அப்படியே வைத்துப் பக்கத்தில் ஓட்டு வீடு கட்டலாம். இரண்டு பசு வளர்க்கலாம். வார இறுதியில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து தங்கிவிட்டுப் போவார்கள்.

"பசுவ யார் பாத்துக்குவா?" என்றேன்.

"நீதான் இருக்கியே. உனக்குத் தெரியாததா!"

எங்கள் ஃபிளாட் சேலையூரில் மூன்றாவது மாடி. அவர் பெயரில் கடன் வாங்கி, அவர் பெயரில் வாங்கியது. தவணை அவர் சம்பளத்தில் போனது, சாப்பாடு என் சம்பளத்தில். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தேன். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. முதலில் மகளுக்கு, மகள் கல்யாணமாகிப் போன பிறகு எனக்கு. அதில் ஒரு நாற்காலி, ஒரு அலமாரி, அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கும் ஒரு ஜன்னல். காட்சி என்று ஒன்றும் கிடையாது. கதவைச் சாத்தினால் சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் சிறப்பு. மத்தியானம் முழுக்க ஒரு புத்தகத்தோடு அங்கே இருப்பேன். சில நாள் புத்தகத்தைத் திறப்பதுகூட இல்லை. அந்த அறையில் எதுவும் என்னைக் கூப்பிடாது.

மாடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாட்டோடு வாழாதவர்களுக்கு இது தெரியாது. படத்தில் அது அசை போட்டுக்கொண்டு அமைதியாக நிற்கும். நிஜத்தில் தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும், கறக்க வேண்டும், கன்றை விட வேண்டும், ஈ கடிக்கிறது, மழை ஒழுகுகிறது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் கூப்பிடும், பரீட்சை என்றாலும் கூப்பிடும். கிராமத்தின் அமைதி என்று இவர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், ஒரு நாள் விடியற்காலையில் பால் கட்டி மடி வீங்கிய எருமையின் பக்கத்தில் இவர்களை உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றும். கேமரா இல்லாமல்.

அன்று சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "எனக்கு அங்க வேண்டாங்க."

"முதல்ல அப்படித்தான் தோணும்."

"இல்ல. எனக்கு எப்பவுமே வேண்டாம். நான் வரமாட்டேன்."

அவர் காபியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும் ஹெப்சி. இந்த வயசுல நான் கஷ்டப்படக் கூடாதுன்னு பாக்குற. எனக்காகத்தான் வேண்டாங்குற. உள்ளுக்குள்ள நீ எவ்வளவு ஏங்குறேன்னு அந்தப் படத்துலயே பாத்துட்டேன்."

'வேண்டாம்' என்ற சொல்லைவிடச் சின்னதாக, தெளிவாக வேறு ஒரு சொல் எனக்குத் தெரியாது. மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள் சொன்னபோது, "சரி, சரி" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். மகளிடம் போனில் சொன்னேன். "ஃபார்ம் ஸ்டேவா? சூப்பர்மா! லீவுக்குக் குழந்தைங்கள கூட்டிட்டு வந்துடுறோம்" என்றாள். ரவி என்று ஒரு வீட்டுத் தரகர் வந்து கழிவறைக் குழாயையெல்லாம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் என் அறை வாசலில் நின்று, "இத வாஷிங் மெஷின் ரூமா மாத்திக்கலாம்" என்றாள். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. நவம்பர் முதல் ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள்.

இதற்கிடையில் சபைக் காலண்டர் வேலை நடந்தது. எங்கள் சபையில் வருஷா வருஷம் காலண்டர் போடுவார்கள். மாதத்துக்கு ஒரு படம், ஒரு வசனம். அது எல்லார் வீட்டு ஹாலிலும் வருஷம் முழுக்கத் தொங்கும். கொடுத்ததை மாட்டாமல் விட்டால் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கவனித்துவிடுவார்கள். இந்தத் தடவை பன்னிரண்டு மாதத்துக்கும் மண்வாசனைக் குழுவின் தொழுவங்கள்தான். ஆண்டவர் பிறந்த இடம் தொழுவமாயிற்றே என்று ஜெரோம் கமிட்டியில் எடுத்துச் சொல்ல, போதகருக்கும் அது பிடித்துப்போனது. அவர் இளைஞர், எதிலும் உற்சாகம். டிசம்பர் பக்கத்துக்கு நானும் பசுவும் முறமும்.

"அம்மா, உங்க முகத்துல அந்த ஏக்கம் இருக்கு பாருங்க, அத நடிக்க முடியாது" என்றார் போதகர் என்னிடம்.

"ஆமா பாஸ்டர், முடியாது" என்றேன்.

அச்சிலிருந்து மாதிரிப் பிரதி வந்த வாரம் சாலமன் ஒரு காரியம் செய்தார். முதல் ஞாயிறு சாட்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, காணிக்கை எடுத்த பிறகு, இரண்டு பேர் எழுந்து கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மைகளைச் சபைக்கு முன் சொல்வார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"நீ ரெண்டே வார்த்தை சொன்னா போதும். கூச்சப்படாத. 'கர்த்தர் எங்கள மறுபடியும் மண்ணுக்கே அழைக்கிறார்'னு ஆரம்பி. அப்புறம் உனக்கே வந்துடும்" என்றார்.

அதைக் கல்லறைத் தோட்டத்தில்தான் சொல்வார்கள் என்று நான் எடுத்துச் சொல்லவில்லை.

சாட்சி என்பது எங்கள் சபையில் சாதாரணக் காரியமில்லை. பத்திரத்தில் எழுதினதை அடித்துத் திருத்தலாம். சாட்சியில் சொன்னதை முடியாது. ஏசுபாதம் என்று ஒருவர், கர்த்தர் எனக்கு ஒரு கார் கொடுத்தார் என்று மேடையேறிக் கண்ணீரோடு சொன்னார். ஆறு மாதத்தில், பெட்ரோல் தாங்கவில்லை என்று அந்தக் காரை விற்றார். இன்றைக்கும் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால், "என்ன பிரதர், ஆண்டவர் குடுத்தது மைலேஜ் சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். மனிதர் வேறு சபைக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கர்த்தர் கொடுத்ததாகச் சொல்லி ஸ்தோத்திரம் செய்துவிட்ட ஒன்றை விற்பது, அவர் கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி என்று எங்கள் ஜனம் நினைக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். சாலமன் காலண்டர் அச்சகத்துக்குப் போயிருந்தார். எதிர்ச் சுவரில் வெயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முப்பது வருஷமாக நான் பேசாமல் இருந்ததில் அவர் தனக்கு வேண்டியதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காலியாக விட்ட சுவரில் யாராவது விளம்பரம் எழுதத்தானே செய்வார்கள். அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் யாருக்குப் பயப்படுவாரோ அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர் கர்த்தருக்குப் பயப்படுகிறவர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் பயப்படுவது சபைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன் வேலை கிடைத்ததற்குச் சாட்சி சொன்னான். பிறகு போதகர் என் பெயரைச் சொல்லி, காலண்டரின் டிசம்பர் பக்கத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார். "எல்லாத்தையும் விட்டுட்டு வேர்களுக்குத் திரும்புற ஒரு குடும்பம்" என்று அறிமுகம் செய்தார். என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நான் முறத்தோடு குமட்டிக்கொண்டு நின்றேன். சாலமன் முன்வரிசைக்கு வந்து கேமராவைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்தப் படத்துல இருக்குறது எங்க அப்பாவோட தொழுவம். நானும் எங்க அம்மா ஞானம்மாளும் அதுல வேலை செஞ்சோம். உங்கள்ல பெரியவங்களுக்கு எங்க அம்மாவ ஞாபகம் இருக்கும். கடைசியில, வாசப்படி ஓரமா உக்காருவாங்க. அங்க உக்காருன்னு யாரும் சொல்லல. முன்னால வான்னும் யாரும் சொல்லல. எத்தன சோப்பு போட்டாலும் அவங்ககிட்ட மாட்டு வாசன போகாது. அவங்களுக்கே அது தெரியும்."

யாரோ இருமினார்கள்.

"பாதிப் பிரசங்கத்துல எழுந்து போயிடுவாங்க. கறவ நேரம் வந்துடும், மாடு காத்திருக்காது. 'சுவிசேஷமுத்து சம்சாரத்துக்கு வேத வசனம் கசக்குது'ன்னு அப்போ இங்க சில பேர் பேசினாங்க. எனக்குத் தெரிஞ்சு அவங்க ஒரே ஒரு தடவதான் ஆராதன முடியுற வரைக்கும் இந்தக் கோயில்ல இருந்தாங்க. அன்னிக்கு அவங்கள முன்னாலதான் வச்சிருந்தாங்க. பெட்டியில."

பெண்கள் பக்கம் சலசலப்பு நின்றது. மைக்கை வாங்கலாமா என்று போதகர் ஓர் அடி வைத்தார். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தொழுவத்துலேர்ந்து கர்த்தர் என்னை வெளிய கொண்டுவந்தார். அதுக்காகத்தான் இன்னிக்கு ஸ்தோத்திரம் சொல்ல வந்தேன். சேலையூர்ல மூணாவது மாடியில எனக்கு ஒரு வீடு குடுத்தார். அதுல எனக்குன்னு ஒரு ரூம் குடுத்தார். அந்த ரூம்ல உக்காரும்போதெல்லாம் எங்க அம்மாவுக்குக் கிடைக்காதத எனக்குக் குடுத்தாரேன்னு நினைச்சு அவருக்கு நன்றி சொல்றேன். அவர் குடுத்த அந்த வீட்டுலயே கடைசி வரைக்கும் இருந்து அவர ஸ்தோத்திரிப்பேன்னு இந்தச் சபைக்கு முன்னால சொல்றேன். எனக்காகவும் என் கணவருக்காகவும் ஜெபிச்சுக்கோங்க."

முதல் 'ஆமென்' பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. ஜெரோமின் மனைவி ஷீலாவுடைய குரல். அதற்குப் பின்னால் மற்ற பெண்கள். ஆண்கள் பக்கம் கொஞ்சம் தாமதமாக, என்ன சொல்வது என்று தெரியாமல், அதையே சொன்னார்கள். போதகர், "ஆமென், ஆமென், ஆழமான சாட்சி" என்று சொல்லிவிட்டுத் திரையை அணைக்கச் சைகை செய்தார். அதை இயக்கிய பையனுக்குப் புரியவில்லை. அடுத்த பாட்டு முடியும் வரை நான் திரையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சாலமன் காரை மெதுவாக ஓட்டினார். கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றபோதும் ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஹெப்சி."

"சொன்னேனே."

"எப்ப?"

அவர் உண்மையாகவே கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாளும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை காலை தரகர் போன் செய்தார். சாலமன் பால்கனிக்குப் போய்ப் பேசினார். "இல்ல ரவி... இல்லப்பா, ரேட்டெல்லாம் பிரச்சன இல்ல... இப்ப குடுக்கறதா இல்ல. சபையில சொல்லியாச்சு... அது உனக்குப் புரியாதுப்பா. சபையில சொல்லிட்டாங்க." அன்று மத்தியானம் மூன்று பேர் அவருக்குப் போன் செய்து, சாட்சி மனதைத் தொட்டதாகச் சொன்னார்கள். நாலாவது ஆளிடம், "ஆமா பிரதர், நாங்க ரெண்டு பேரும் ஜெபிச்சு எடுத்த முடிவு" என்று அவர் சொல்வது என் அறைக்குள் கேட்டது. கதவைச் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை ஆபேல் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"இன்னாக்கா, வாயே தொறக்க மாட்ட, தொறந்தா இப்டியா? திருமுடிவாக்கத்துல அந்தாளு வெயிட் பண்ணிக்கினு கீறான். அந்த ஓட்டக் கொட்டாய வேற எவன் வாங்குவான்? இடிச்சுட்டு வீடு கட்றவன் கம்மியாதான் கேப்பான். மாமா மாரி ஆளு ஊருக்கு ஒர்த்தருதான் கெடைப்பாரு."

"ஒருத்தர் இல்ல ஆபேல். ஆறேழு பேர் இருக்காங்க, ஒரு குரூப்பா."

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். காபி குடித்தான். போகும்போது, "அம்மாவ பத்தி சொன்னத மாமா வீடியோல பாத்தேன்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஷீலா போன் செய்தது அதற்கடுத்த வாரம், ஒரு மத்தியான நேரம். அவளோடு நான் அதிகம் பேசியதில்லை. சபையில் பார்த்தால் சிரிப்பாள். கருவூலத்தில் வேலை பார்த்து இந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள்.

"அக்கா, ஷீலா பேசுறேன். உங்க தம்பி எடத்த எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வந்தாருக்கா." பெருமூச்சு. "பாத்துட்டு வந்த நாள்லேர்ந்து வேப்பங்குச்சில பல் வெளக்குறாரு. ஈறெல்லாம் ரத்தம். சாணி வெலைக்குக் கெடைக்குமான்னு நெட்ல தேடுறாரு, தரைய மெழுகணுமாம். நான் சைதாப்பேட்டைல பொறந்தவக்கா. எனக்கு நாயக் கண்டாலே பயம்."

ஆபேலிடம் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று எனக்குத் தெரியும். அப்போது அந்த ஆறேழு ஆண்களைத்தான் நினைத்தேன். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள் என்பது தோன்றவில்லை. அவர்களுடைய படத்தைப் போலத்தான் நானும் யோசித்திருக்கிறேன், அங்கே வசிப்பவர்கள் விழாதபடி.

"வேண்டாம்னு சொன்னியா?" என்றேன் கடைசியில்.

"மூணு தடவ சொல்லிட்டேன்க்கா. 'முதல்ல அப்படித்தான் இருக்கும், சாலமன் வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க'ங்குறாரு." அவள் வீட்டுக் குக்கர் விசில் போனில் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, சாட்சிக்கு யார்கிட்ட பேர் குடுக்கணும்?"

"அட்வான்ஸ் எப்ப குடுக்குறார்?"

"இருபதாம் தேதிங்குறாரு."

"அப்போ முதல் ஞாயிறு வரைக்கும் தாங்காது. புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம் இருக்கு இல்ல, அதுல சொல்லு. அங்க சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஆண்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடும்."

"நான் மைக்குல பேசினதே இல்லக்கா. கை நடுங்கும்."

"நடுங்கட்டும். ஆனா மைக்க நீயே பிடிச்சுக்கோ ஷீலா. அவங்க கையில விட்டா பாதியிலயே பாட்டு ஆரம்பிச்சுடுவாங்க."